ஒரு பைசாப் பத்திரிகையும் கம்பெனிப் பணமும் - இணைய உலாவிகள் பற்றி ஒரு தங்கவயல்காரனின் விமர்சனம்

மலர்க் குழுவினர் இந்த ஆண்டு என்னிடம், "கம்ப்யூட்டர் பத்தி நம்ம ஜனங்களுக்குப் புரியற மாதிரி ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்று கேட்டார்கள். என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ராபர்ட்சன்பேட்டையில் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, ஃபயர்ஃபாக்ஸ் ஃப்ரீ. குரோம் ஃப்ரீ. எல்லாமே ஃப்ரீன்னா இதெல்லாம் செய்யறவங்களுக்குச் சம்பளம் யார் குடுக்கறாங்க?"

சின்னப் பெண் கேட்ட கேள்விதான். ஆனால் ஒரு கம்பெனியை நம்பி நூறாண்டுக்கு மேல் வாழ்ந்த ஊரில் பிறந்த எனக்கு, அந்தக் கேள்வி நம் ஊரைப் பற்றியே கேட்டது போல இருந்தது. இணையத்தில் 'சுதந்திரமானவை' என்று பெயர் வாங்கிய உலாவிகளும், பலர் கூடி நடத்தும் தமிழ் விக்கிப்பீடியா போன்ற பொதுப் பணிகளும் பெரிய நிறுவனங்களின் பணத்தோடு எப்படி உறவாடுகின்றன, அந்தப் பணம் எங்கே உதவுகிறது, எங்கே வாயை அடைக்கிறது என்பதை எனக்குத் தெரிந்த வரையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தங்கவயலில் இரண்டு வகைப் பணம்

வெளி மாநிலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்காக ஊர்க் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கச் சுரங்கங்களை நடத்தியது. வட ஆற்காடு, சேலம், தருமபுரி, சித்தூர்ப் பக்கங்களிலிருந்து நம் பாட்டன் பூட்டன்மார் வந்து பூமிக்கடியில் இறங்கினார்கள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. பெங்களூர் தெருக்களில் மின்விளக்கு எரிவதற்கு முன்பே தங்கவயலில் எரிந்தது. ஆஸ்பத்திரி கம்பெனியுடையது. தண்ணீர் கம்பெனியுடையது. லைன் வீடு கம்பெனியுடையது. 1956இல் மைசூர் அரசும், பிறகு 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை எடுத்துக்கொண்டன. பெயர்ப் பலகை மாறியது. ஆனால் ஊர் முழுக்க ஒரே ஒரு இடத்திலிருந்து வரும் பணத்தை நம்பியிருந்தது மட்டும் மாறவில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மறுநாள் முதல் நடந்ததை நான் சொல்லத் தேவையில்லை. விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலில் நின்றுகொண்டே பெங்களூர் போய் வந்த தலைமுறையில் நானும் ஒருவன்.

இது ஒரு வகைப் பணம். இதே ஊரில் இன்னொரு வகைப் பணமும் இருந்தது.

1907ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாச பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். ஓராண்டுக்குப் பின் அது 'தமிழன்' ஆயிற்று. அந்த இதழைத் தாங்கிப் பிடித்தவர்களில் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. மாரிக்குப்பத்தில் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. 1914இல் பண்டிதர் மறைந்தார். பின்னாளில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு அதே 'தமிழன்' இந்தத் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சாம்பியன் ரீஃப்ஸில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது. பாதாளத்தில் பாறை உடைத்தவர்களின் சில்லறைக் காசு அது. கம்பெனி கிளப்புக்குக் கம்பெனி பணம் கொடுத்தது. நம்மவர்கள் தங்கள் பத்திரிகைக்குத் தாங்களே கொடுத்தார்கள். எது தன் இஷ்டத்துக்குப் பேச முடிந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இனி உலாவிக்கு வருகிறேன். இந்த இரண்டு வகைப் பணத்தையும் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பத்தாயிரம் பேர் போட்ட விளம்பரம்

உலாவி என்பது இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருள். பேச்சு வழக்கில் பிரவுசர். 1990களில் நெட்ஸ்கேப் என்ற உலாவி கொடிகட்டிப் பறந்தது. மைக்ரோசாஃப்ட் தன் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை விண்டோஸோடு சேர்த்தே கொடுத்ததும் நெட்ஸ்கேப் படுத்துவிட்டது. தோற்றுக்கொண்டிருந்த நெட்ஸ்கேப் 1998இல் தன் மூல நிரலை ஊருக்கே பொதுவாகத் திறந்துவிட்டது. அதுதான் மொசில்லா திட்டம். 2003இல் மொசில்லா அறக்கட்டளை தொடங்கப்பட்டது. 2004 நவம்பர் 9 அன்று ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வெளிவந்தது.

அடுத்த மாதமே ஒரு வேடிக்கை நடந்தது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இரண்டு முழுப் பக்க விளம்பரம். ஃபயர்ஃபாக்ஸுக்காக அதற்குப் பணம் போட்டவர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சாதாரண மனிதர்கள். அவர்களுடைய பெயர்களே பொடி எழுத்தில் அந்த விளம்பரத்தில் அச்சாகியிருந்தன. 'ஒரு பைசாத் தமிழன்' காலத்துப் பணம் இது.

தமிழுக்கும் அந்தக் காற்று வீசியது. 2005 ஏப்ரலில் மத்திய அரசு தமிழ் மென்பொருள்களை ஒரு குறுந்தகட்டில் இலவசமாக வெளியிட்டது. அதில் தமிழ் ஃபயர்ஃபாக்ஸும் இருந்தது. தன்னார்வலர்கள் இரவில் கண்விழித்துப் பட்டியல் பட்டியலாகச் சொற்களைத் தமிழாக்கினார்கள். ஒரு கட்டத்தில் இந்தியத் தமிழுக்கு ஒன்று, இலங்கைத் தமிழுக்கு ஒன்று என இரண்டு மொழிபெயர்ப்புகளே நடந்தன. 'கோப்பு', 'திருத்து', 'பார்வை' என்று பட்டியில் தமிழைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மெய் சிலிர்த்தது. வேலை முடிந்து ரயிலில் வந்து, ராத்திரி பதினோரு மணிக்குக் கணிப்பொறி முன் உட்கார்ந்து, அதை நண்பர்களுக்கெல்லாம் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். "இது யாரோட கம்பெனி சார்?" என்று கேட்பார்கள். "யாரோட கம்பெனியும் இல்லப்பா, நம்மளுது" என்பேன்.

நான் சொன்னது பாதிதான் உண்மை என்று பிறகுதான் தெரிந்தது.

தேடல் பெட்டியில் இருந்த பணம்

உலாவியின் தேடல் பெட்டியில் நாம் ஒரு சொல்லை அடிக்கிறோம். அது கூகுளுக்குப் போகிறது. கூகுள் விடையோடு விளம்பரத்தையும் காட்டிச் சம்பாதிக்கிறது. அந்தப் பெட்டியில் முதல் தேர்வாக உட்கார்ந்திருப்பதற்காக உலாவிக்காரருக்குக் கூகுள் பணம் தருகிறது. 2006ஆம் ஆண்டில் மொசில்லாவின் வருமானம் சுமார் 6 கோடியே 68 லட்சம் டாலர். அதில் 85 விழுக்காடு கூகுளிடமிருந்து வந்தது. பத்தாயிரம் பேர் காசு போட்ட உலாவி, இரண்டே ஆண்டில் ஒரே முதலாளி படியளக்கும் உலாவியாகிவிட்டது.

2008 செப்டம்பரில் அந்த முதலாளியே குரோம் என்ற சொந்த உலாவியை இறக்கினார். இப்போது நிலைமையைப் பாருங்கள். போட்டிக்காரன்தான் சம்பளமும் தருகிறான். மொசில்லா தப்பிக்கப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. 2014 நவம்பரில் கூகுளை விட்டு, அமெரிக்காவில் யாஹூவோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. 2017இல் அதை முறித்துக்கொண்டு மறுபடியும் கூகுளிடமே வந்தது. இந்தப் படியளப்பவர் போனால் அந்தப் படியளப்பவர் என்று மாறிப் பார்த்தார்களே ஒழிய, ஒருவரை மட்டுமே நம்பும் நிலை மாறவில்லை. 2020 ஆகஸ்டில் சுமார் 250 பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காப்பாற்றி வந்தது என்று தீர்ப்பளித்தார். முதல் இடத்துக்காக 2021இல் மட்டும் கூகுள் பல நிறுவனங்களுக்கும் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர் என்பது அந்த வழக்கில் வெளிவந்தது. அந்தப் பணத்தையே நிறுத்தலாமா என்ற கேள்வி எழுந்தபோது, 2025 மே மாதம் மொசில்லாவின் நிதி அதிகாரி எரிக் மூல்ஹைம் சாட்சிக் கூண்டில் ஏறினார். தங்கள் நிறுவனத்தின் வருமானத்தில் சுமார் 90 விழுக்காடு ஃபயர்ஃபாக்ஸிலிருந்து வருகிறது, அதில் சுமார் 85 விழுக்காடு கூகுளுடையது, அது நின்றால் ஃபயர்ஃபாக்ஸே நின்றுபோகலாம் என்றார். மைக்ரோசாஃப்டின் ஆதிக்கத்துக்கு மாற்று என்று பிறந்தவர்கள், கூகுள் பணம் தொடர வேண்டும் என்று நீதிமன்றத்தில் சொல்ல வேண்டி வந்தது! 2025 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்வில், 'எனக்கு மட்டும்தான்' என்ற வகை ஒப்பந்தங்களை நீதிபதி தடுத்தார்; பணம் கொடுப்பதைத் தடுக்கவில்லை. மொசில்லாவுக்கு மூச்சு வந்தது.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுரங்கம் மூடும் பேச்சு வந்த நாட்களில், அதே சுரங்கத்தால் நுரையீரல் கெட்டுப்போன பெரியவர்கள், "மூடாதீங்க" என்று கொடி பிடித்து நின்றார்கள். வேறு வழி இல்லாதவன் அப்படித்தான் நிற்பான். மொசில்லாவைக் கேலி செய்பவர்களுக்கு இது புரிவதில்லை.

பணம் வாயை அடைத்ததா?

விமர்சனம் என்று வந்தால் இரு பக்கமும் பார்க்க வேண்டும். கூகுள் பணம் வாங்கியதால் ஃபயர்ஃபாக்ஸ் கூகுளின் அடிமையாகிவிட்டது என்று எழுதிவிடுவது சுலபம். அது உண்மையல்ல.

தங்கவயலில் 1930ஆம் ஆண்டு ஒரு பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. காரணம், தொழிலாளர்களின் கைரேகையை எடுத்துப் பதிவு செய்யும் முறையைக் கம்பெனி கொண்டுவந்தது. 'நாங்க என்ன திருடனுங்களா?' என்பதுதான் அவர்கள் மனதில் இருந்த கேள்வி. இன்று இணையத்திலும் கைரேகை எடுக்கிறார்கள். உங்கள் திரையின் அளவு, எழுத்துருக்கள், கடிகார நேரம் போன்ற சின்னச் சின்ன விவரங்களைச் சேர்த்து, பெயர் கேட்காமலேயே உங்களை அடையாளம் கண்டு பின்தொடரும் முறைக்குக் கணினிக்காரர்கள் வைத்த பெயரே 'கைரேகை'தான். இதைத் தவறு என்று 2019இல் கூகுளே சொன்னது. ஆனால் 2025 பிப்ரவரியில் தன் விளம்பரதாரர்களுக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்திக்கொண்டது. ஃபயர்ஃபாக்ஸோ, 2020 ஜனவரியில் வந்த 72ஆம் பதிப்பிலிருந்தே கைரேகை எடுப்பதாக அறியப்பட்ட தளங்களின் நிரல்களை, நாம் கேட்காமலேயே தடுத்து வருகிறது. விளம்பரத் தடுப்பான்களின் கையைக் கட்டும் மாற்றத்தைக் குரோம் கொண்டுவந்தபோதும், பழைய வசதியை ஃபயர்ஃபாக்ஸ் விட்டுவைத்தது. படியளப்பவன் முகம் சுளிப்பான் என்று தெரிந்தே செய்தவை இவை. இதற்காக அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அப்படியானால் பணம் ஒன்றும் செய்யவில்லையா? செய்தது. ஆனால் வேறு விதமாகச் செய்தது. இதை விளக்க என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் உறுப்பினராக இருந்த வேறொரு சங்கத்தின் மலருக்கு ஒரு வீட்டுமனை நிறுவனம் பின்னட்டையும் நான்கு முழுப் பக்கங்களும் எடுத்துக்கொண்டது. அச்சுச் செலவில் முக்கால்வாசி அதிலேயே முடிந்துவிட்டது. அந்த மலருக்கு ஒரு பெரியவர், சுற்று வட்டாரத்தில் ஏரிகள் எப்படி மனைகளாக மாறின என்று அருமையான கட்டுரை கொடுத்திருந்தார். அந்த நிறுவனத்தின் பெயர் அதில் இல்லவே இல்லை. ஆனாலும் குழுவில் ஒருவர், "இது இந்த வருஷம் வேணாமே, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். அந்த நிறுவனம் எங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கட்டுரை வந்திருப்பதே அவர்களுக்குத் தெரியாது. பெரியவரிடம் நானே போய்ச் சொன்னேன். "பரவாயில்ல தம்பி, பக்கம் இல்லேன்னா என்ன செய்வீங்க" என்றார். பக்கம் இருந்தது. அடுத்த ஆண்டு மலர் வருவதற்குள் அவர் காலமாகிவிட்டார்.

பணம் கொடுப்பவர் நம்மிடம் எதையும் கேட்கவே வேண்டியதில்லை. 'அவர் என்ன நினைப்பாரோ' என்று நாமே நினைத்து, நாமே கத்தரித்துக்கொள்கிறோம். மொசில்லாவுக்குள் இப்படி எத்தனை தலையாட்டல்கள் நடந்தன என்பதை வெளியிலிருந்து யாரும் கணக்கெடுக்க முடியாது. ஆனால் பணத்தைப் பற்றிய கவலை அவர்களை எங்கே கொண்டுபோயிற்று என்பது கண்ணுக்குத் தெரிகிறது. கூகுளை மட்டும் நம்பாமல் பிழைக்க வேண்டும் என்று 2024 ஜூனில் அனானிம் என்ற விளம்பரத் தொழில்நுட்ப நிறுவனத்தை வாங்கினார்கள். அடுத்த மாதம் வந்த பதிப்பில், விளம்பரங்களின் பலனை அளக்கும் ஒரு வசதியை நம்மைக் கேட்காமலேயே இயக்கி வைத்தார்கள். அதை எதிர்த்து வியன்னாவிலுள்ள நொய்ப் என்னும் அமைப்பு புகார் கொடுத்தது. 2025 பிப்ரவரியில், 'உங்கள் தகவலை ஒருபோதும் விற்க மாட்டோம்' என்று முன்பு கொடுத்திருந்த உறுதிமொழி அவர்களுடைய பக்கத்திலிருந்து காணாமல் போயிற்று. கூச்சல் எழுந்த பிறகு விளக்கம் கொடுத்தார்கள். ஒருவர் பணத்திலிருந்து தப்பிக்க ஓடியவர்கள், அவர் செய்யும் தொழிலையே செய்யப் போனார்கள். என் விமர்சனம் இந்த இடத்தில்தான் கடுமையாகிறது.

கூண்டுக்குப் பெயின்ட், வைண்டிங் என்ஜின் யாருடையது?

"இந்திய உலாவி, தமிழ் உலாவி என்று இருக்கிறதே, அதை எடுத்துக்கொண்டால் என்ன?" என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

நமக்குப் பக்கத்து பெங்களூரில் ஹிடன் ரிஃப்ளெக்ஸ் என்ற நிறுவனம் 2010 ஜூலையில் எபிக் என்ற உலாவியை வெளியிட்டது. முதல் இந்திய உலாவி என்று பத்திரிகைகள் கொண்டாடின. தமிழிலும் எழுதலாம். அது ஃபயர்ஃபாக்ஸின் நிரல் மேல் கட்டியது. 2013இல் அதே எபிக், அந்தரங்கம் காக்கும் உலாவி என்று புது அவதாரம் எடுத்தபோது, கூகுளின் குரோமியம் நிரலுக்கு மாறிவிட்டது. 2023 மே மாதம் சென்னையைச் சேர்ந்த ஜோஹோ நிறுவனம் 'உலா' என்று அழகான தமிழ்ப் பெயரிட்டு ஓர் உலாவியை வெளியிட்டது. 2025 மார்ச்சில் மத்திய அரசு நடத்திய இந்திய உலாவிப் போட்டியில் ஜோஹோ முதல் பரிசாக ஒரு கோடி ரூபாய் பெற்றது. தமிழனாக எனக்குப் பெருமைதான். ஆனால் உலாவும் குரோமியம் மேல் கட்டியதே. ஆப்பெரா 2013இல் அங்கே போய்விட்டது. மைக்ரோசாஃப்டே தன் எட்ஜ் உலாவியை 2020 ஜனவரியில் அங்கே மாற்றிக்கொண்டது.

சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். கூண்டுக்கு என்ன வண்ணம் வேண்டுமானாலும் அடிக்கலாம், தமிழில் பெயரும் எழுதலாம். ஆனால் கூண்டை இறக்குவதும் ஏற்றுவதும் மேலே இருக்கும் வைண்டிங் என்ஜின். இன்று உலகில் பெரிய அளவில் ஓடும் உலாவி என்ஜின்கள் மூன்றே மூன்று. ஒன்று கூகுளுடையது, ஒன்று ஆப்பிளுடையது, ஒன்று மொசில்லாவுடையது. மூன்றில் பெரிய வணிக நிறுவனத்தின் கையில் இல்லாதது மொசில்லாவுடையது மட்டும்தான். 2010 வாக்கில் பத்துக் கணிப்பொறிகளில் மூன்றில் ஃபயர்ஃபாக்ஸ் இருந்தது. கைப்பேசிகளையும் சேர்த்து இன்று எண்ணினால் நூற்றுக்கு மூன்றுகூடத் தேறாது. கைப்பேசி வாங்கும்போதே குரோம் உள்ளே உட்கார்ந்துகொண்டு வருகிறது என்பது இதற்கு முக்கியமான காரணம். ஜோஹோவைக் குறை சொல்லவில்லை. புதிதாக ஓர் என்ஜின் செய்வது எளிய வேலையல்ல. ஆனால் பெயர் தமிழில் இருப்பதாலேயே நம்முடையது என்று சந்தோஷப்பட்டு நின்றுவிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள்.

தமிழ் விக்கிப்பீடியா கற்றுக்கொடுத்தது

உலாவி விஷயத்தில் நம்மால் ஆவது கொஞ்சம்தான். ஆனால் தமிழர்களே கூடி நடத்தும் ஓர் இணையப் பணியில், இதே கூகுளின் பணம் இரண்டு முறை வந்தது. இரண்டும் ஒரே மாதிரி முடியவில்லை. அதை ஒப்பிட்டுப் பார்ப்பது நமக்கு மிகவும் பயன்படும்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. எழுதுபவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆசிரியர், பொறியாளர், மாணவர், இல்லத்தரசி, ஓய்வு பெற்றவர், இலங்கைத் தமிழர், கனடாத் தமிழர் என்று கலந்து எழுதினார்கள். 2009 வாக்கில் கூகுள் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு, கூலிக்கு ஆள் வைத்து, ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தமிழாக்கி இங்கே சேர்க்கத் தொடங்கியது. கட்டுரைகள் நீளமானவை. எண்ணிக்கையும் ஏறியது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் எந்தக் கட்டுரை வேண்டும் என்று தமிழரைக் கேட்கவில்லை. அமெரிக்கப் பாடகர்கள், நடிகர்கள் பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக வந்தது. நடை தமிழ் எழுத்தில் எழுதிய ஆங்கிலமாக இருந்தது. பிழையைச் சுட்டிக் கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. கூலிக்கு எழுதியவர் அடுத்த கட்டுரைக்குப் போயிருப்பார். துப்புரவு வேலை சம்பளமில்லாத தன்னார்வலர் தலையில் விழுந்தது. அந்த நாட்களில் நானும் ஒன்றிரண்டு கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தேன். ஒரு பத்தியைச் சரி செய்வதைவிடப் புதிதாக எழுதுவது சுலபமாக இருந்தது.

தமிழ் விக்கிப்பீடியர்கள் இதைப் பேசாமல் விழுங்கவில்லை. கூகுளோடு உட்கார்ந்து பேசினார்கள்; தரம் சரியில்லை, தலைப்பைக் கலந்து தேர்ந்தெடுங்கள், பிழை திருத்திய பிறகு ஏற்றுங்கள் என்று நிபந்தனை வைத்தார்கள். 2010இல் போலந்து நாட்டு கிடான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் இரவிசங்கர் இந்தத் திட்டத்தை மதிப்பிட்டு வெளிப்படையாகவே உரையாற்றினார். உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று இலவசமாகத் தந்த 'பரிசை', ஒரு பைசா சம்பளம் வாங்காத ஒரு சிறிய குழு, "இப்படி வேண்டாம்" என்று சொன்னது. சொல்ல முடிந்ததற்குக் காரணம் என்ன? அவர்கள் வீட்டில் அடுப்பெரிய கூகுள் பணம் தேவைப்படவில்லை. நிறுத்தினால் நிறுத்திக்கொள் என்று சொல்லும் நிலையில் இருந்தார்கள்.

2018இல் கூகுளும் விக்கிமீடியாவும் சேர்ந்து இந்திய மொழிகளுக்கு வேங்கைத் திட்டம் என்ற கட்டுரைப் போட்டியை நடத்தின. உழைக்கும் தன்னார்வலர்களுக்கு மடிக்கணினியும் இணையக் கட்டண உதவியும் கிடைத்தன. கூகுள் தலைப்புகளைப் பரிந்துரைத்தது; ஆனால் அந்தந்த மொழிக்காரர்கள் தங்கள் தலைப்புகளையும் வைத்துக்கொண்டார்கள். எழுதியவரும் தன்னார்வலர், மதிப்பிட்டவரும் தன்னார்வலர். எண்ணிக்கைக்காக எழுதும் ஆசை போட்டி என்றால் கொஞ்சம் வரத்தான் செய்யும், அதை மறைக்கவில்லை. ஆனாலும் இம்முறை வந்த கட்டுரைகளுக்குத் தாயும் தகப்பனும் இருந்தார்கள். தவறு என்றால் கேட்டுத் திருத்தலாம்.

இரண்டு முறையும் பணம் ஒரே கையிலிருந்துதான் வந்தது. முதல் முறை, எதை எழுதுவது என்பதைப் பணம் தீர்மானித்தது. இரண்டாம் முறை, எழுதுகிறவர்கள் தீர்மானித்தார்கள். எனவே கம்பெனிப் பணம் என்றாலே தீட்டு என்று ஒதுக்க வேண்டியதில்லை. 'வேண்டாம்' என்று சொல்லும் வலு வாங்குபவரிடம் இருக்கிறதா என்பதே கேள்வி. அந்த வலு, பலர் போடும் சிறு காசிலிருந்தும், சம்பளமில்லாமல் வேலை செய்யும் கைகளிலிருந்தும்தான் வருகிறது. விக்கிப்பீடியாவை நடத்தும் அறக்கட்டளைக்கும் பெரிய நிறுவனங்கள் பணம் கொடுத்ததுண்டு. 2010இல் கூகுள் 20 லட்சம் டாலர் கொடுத்தது. ஆனால் அதன் வருமானத்தின் பெரும்பகுதி, ஆண்டுதோறும் பல லட்சம் பேர் கொடுக்கும் சிறு தொகைகள். ஒரு பெரிய கை விலகினாலும் வீடு இடியாது. ஃபயர்ஃபாக்ஸுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அந்த வேலைக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் மனித உழைப்பு தேவை, அது வெறும் நன்கொடையால் நடக்காது என்று அவர்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பணம் தாராளமாக வந்த அந்த இருபது ஆண்டுகளில், பயன்படுத்துபவர்களிடம் சிறு காசு கேட்கும் பழக்கத்தை அவர்கள் ஊன்றி வளர்த்திருக்கலாம். மழை பெய்யும்போது குளம் வெட்டவில்லை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, வீட்டில் ஒரு கணிப்பொறியிலாவது ஃபயர்ஃபாக்ஸை ஏற்றிப் பயன்படுத்துங்கள். அதன் குறைகளைத் தெரிந்துகொண்டே பயன்படுத்துங்கள். மூன்றாவது என்ஜின் நின்றுபோனால் இணையம் இரண்டு கம்பெனிகளின் லைன் வீடாகிவிடும்.

இரண்டாவது, வெளி மாநிலத்தில் படிக்கும் நம் பிள்ளைகளில் தமிழ் எழுதத் தெரிந்தவர்கள் வாரம் ஒரு மணி நேரம் தமிழ் விக்கிப்பீடியாவிலோ, தமிழ் மென்பொருள் மொழிபெயர்ப்பிலோ கை கொடுக்கட்டும். நம் தங்கவயல் பற்றி, லைன்கள் பற்றி, ஷாஃப்டுகள் பற்றி எழுத வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. அதை எழுதச் சொல்லி எந்தக் கம்பெனியும் பணம் தராது.

மூன்றாவது, நம் சங்கத்துக்கே ஒரு வேண்டுகோள். மலருக்கு வரும் விளம்பரங்களில் எந்த ஒரு நிறுவனத்தின் பங்கும் அச்சுச் செலவில் ஐந்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்று பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போடலாம். குறைவதை நூறு குடும்பங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நிரப்பட்டும். மலர் சற்று மெலிந்து வந்தாலும் குற்றமில்லை. அந்தப் பெரியவரின் ஏரிக் கட்டுரையின் நகல் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அவர் குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். அடுத்த ஆண்டு மலருக்கு அதைக் குழுவிடம் கொடுக்கப் போகிறேன்.

அக்கா மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நீங்க எவ்ளோ குடுத்தீங்க மாமா?" என்றாள். அன்று வரை நான் ஒரு பைசாவும் கொடுத்ததில்லை. அன்று இரவு மொசில்லாவுக்கும் விக்கிப்பீடியாவுக்கும் என்னால் முடிந்த சிறு தொகையை அனுப்பினேன். அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இருபது ஆண்டுத் தாமதம் அது.